மூச்சு பொருந்தவில்லை

கதவு மூன்றாவது முறையும் திறக்கவில்லை.

தரணிதரன் காய்கறிப் பையைத் தரையில் வைத்தார். கன்னம் இரண்டும் உப்ப, ஊதுபூட்டின் தட்டில் மறுபடி ஒரு ஊது ஊதினார். தட்டு கொஞ்ச நேரம் யோசித்தது.

"மன்னிக்கவும். மூச்சு பொருந்தவில்லை. தயவுசெய்து தரணிதரனை வந்து ஊதச் சொல்லவும்."

"நாந்தான் தரணிதரன்! இது என்ற ஊடு!"

"அவர் வந்ததும் சொல்கிறேன்" என்றது பூட்டு, பரம மரியாதையாக.

பூட்டைச் சொல்லிக் குற்றமில்லை. ஈரோட்டில் சாவி ஒழிந்து முப்பது வருடம் ஆகியிருந்தது. ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும் மூச்சுக்குழாய் கிளைவிட்டுப் போகிற விதம் வேறு. அதனால் வெளியே வருகிற காற்றின் ஓசையும் அழுத்தமும் வேறு என்று கண்டுபிடித்து, அதற்கு மூச்சுரேகை என்று பெயரும் வைத்துவிட்டார்கள். கைரேகை தேய்ந்துபோகும், முகத்துக்கு ஒட்டுமீசை வைக்கலாம், நெஞ்சுக்குள் கைவிட யாரால் முடியும்? ஆகவே வீட்டுக் கதவு, பேருந்து, ரேஷன் கடை, ஓட்டுச்சாவடி என்று எங்கே போனாலும் ஊத வேண்டியதுதான். பல் துலக்காமல் வருகிறவர்களுக்கென்று ரேஷன் கடையில் தனி வரிசைகூட இருந்தது.

எல்லாவற்றையும் யோசித்த அந்த மேதாவிகள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. நெஞ்சு கெடக் கெடப் பதிவும் கூடவே மாறும்; ஆனால் கெட்டுப்போன நெஞ்சு என்றைக்காவது தேறும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

தரணிதரனுக்கு வயது அறுபத்தெட்டு. மஞ்சள் மண்டியில் பாலிஷ் மிஷின் ஓட்டியவர். மஞ்சளைப் பெரிய இரும்புப் பீப்பாய்க்குள் கொட்டி உருட்டினால் தோல் கழன்று பளபளவென்று வரும். கழன்ற தோல் தூசியாகப் பறந்து ஆள் நெஞ்சுக்குள் போகும். பீப்பாயின் ஒரு முனையில் இவர், மறுமுனையில் கூட்டாளி மௌலீஸ்வரன். முப்பது வருடம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் மஞ்சள் புகைக்கு நடுவில்தான் பார்த்தார்கள். ஒரு டீ வாங்கினால் இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொள்வார்கள். ஒரு பீடியைப் பற்ற வைத்தால் பாதி இவருக்கு, பாதி அவருக்கு. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட ஜிலேபியைப் பிய்த்துப் பங்கு போட்டதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை.

இவ்வளவு பாடுபட்டதற்குப் பலனாக இருவர் நெஞ்சிலும் விசில் வந்து குடியேறியது. தரணிதரன் கீழ்ப்படியில் கால் வைக்கும்போதே இரண்டாம் மாடியில் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். அவ்வளவு பிரசித்தமான மூச்சு.

டாக்டர் ஹர்ஷிதா இரண்டு குழல் கொடுத்தார். நீல நிறத்தில் அவசரமூச்சி. திடீரென்று மூச்சு முட்டினால் அதற்கு. ஆரஞ்சு நிறத்தில் தினமூச்சி. முட்டினாலும் முட்டாவிட்டாலும் காலை ஒரு இழுப்பு, மாலை ஒரு இழுப்பு. தினமூச்சியின் முதுகில் மிச்சம் எத்தனை இழுப்பு என்று எண் ஓடும். வாயும் உண்டு, அவ்வப்போது அறிவுரை சொல்லும்.

முதல் நாள் தரணிதரன் அதை வாயில் வைத்துப் பலமாக ஊதினார். மருந்துப் பொடி டாக்டரின் கண்ணாடியில் போய் ஒட்டியது.

"அய்யா, இது பூட்டு இல்லீங்க. ஊதக் கூடாது, உள்ளே இழுக்கோணும்" என்றார் டாக்டர், கண்ணாடியைத் துடைத்தபடி. இதை ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிறவர் அவர். ஊதியே பழகிவிட்ட ஊரில் இழுக்கச் சொல்லிக் கொடுப்பது லேசான காரியம் அல்ல.

இழுக்கக் கற்ற பிறகு அடுத்த கூத்து தொடங்கியது. மூன்று மாதம் ஆகியும் தரணிதரனின் விசில் குறையவில்லை. குழலில் எண் மட்டும் ஒழுங்காகக் குறைந்தது. டாக்டர் மண்டையைப் பிய்த்துக்கொண்டபோது, தரணிதரனின் மனைவி சிந்துஜா போட்டு உடைத்தாள்.

"காலைல இவரு இழுக்கறாருங்க. சாயங்காலம் அந்த மௌலியண்ணன் வந்து இழுத்துட்டுப் போறாருங்க. டீ மாதிரி பங்கு போட்டுக்கறாங்க."

டாக்டருக்கு வந்த கோபத்தில் தினமூச்சியே வாயடைத்துப் போனது. "பாதி மருந்துல ரெண்டு பேருக்கும் குணமாவாதுங்க! ஒருத்தர் வாய் வெச்ச குழல்ல இன்னொருத்தர் வாய் வெச்சா கிருமியும் பங்காகும். அவருக்கு என்ன நோவுன்னு பார்த்துத்தானே மருந்து தரோணும்? கூட்டிட்டு வாங்க அவரை."

மௌலீஸ்வரன் வரவில்லை. "எனக்கென்னடா கேடு? கல்லாட்டம் இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு ஐந்து நிமிடம் இருமினார்.

அன்று முதல் குழல் சிந்துஜாவின் கைக்குப் போனது. காலை ஆறரை, மாலை ஆறரை. முதலில் குழலுக்கு வெளியே முழு மூச்சையும் விட வேண்டும். பிறகு உதட்டைப் பொருத்தி ஆழமாக இழுக்க வேண்டும். இழுத்ததைப் பத்து எண்ணும்வரை உள்ளேயே நிறுத்த வேண்டும். அந்தப் பத்தை அவள்தான் எண்ணுவாள். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் தெருவில் யாரையாவது எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். கடைசியில் தண்ணீர் ஊற்றி, வாய் கொப்பளித்துத் துப்ப வைப்பாள். மருந்து வாயில் தங்கினால் நாக்கில் வெள்ளை படியும் என்று டாக்டர் சொன்னதை அவள் முருகன் சொன்னதாகவே எடுத்துக்கொண்டாள்.

இந்தச் சிரத்தைக்குக் காரணம் உண்டு. கல்யாணமான வருடத்திலிருந்து பங்குனி உத்திரத்துக்கு அவள் சென்னிமலை ஏறுகிறாள். ஆயிரத்து முந்நூற்று இருபது படி. நாற்பத்தொரு வருடமாகத் தனியாகத்தான் ஏறினாள். தரணிதரன் அடிவாரத்து டீக்கடையில் மௌலியோடு உட்கார்ந்து மூச்சு இளைப்பார். தார்ச்சாலையில் வண்டியில் போகலாம் என்றால், "சும்மா உக்காந்துட்டுப் போயி சாமிகிட்ட என்ன கேக்கறது?" என்பார். கேட்காமலே இருந்துவிட்டார். இந்த வருடம் மூச்சு வர ஆரம்பித்ததும், "சிந்து, நானும் படியேறறேன்" என்றார் ஒரு நாள். அவள் உள்ளே போய்ப் பாத்திரம் விளக்கினாள். விளக்கிய பாத்திரத்தையே மறுபடி விளக்கினாள்.

ஒரு நாளும் தவறவில்லை. மூன்றாம் மாதம் விசில் நின்றது. காய்கறிப் பையோடு இரண்டு மாடி நிற்காமல் ஏறி வந்த அன்றைக்குத்தான் பூட்டு அவரை அந்நியர் என்றது.

சிந்துஜா தங்கை வீட்டுக்குப் பவானி போயிருந்தாள். தரணிதரன் படியில் உட்கார்ந்தார். கத்தரிக்காய் வாடிக்கொண்டிருந்தபோது கீழே பழக்கமான விசில் கேட்டது. மௌலீஸ்வரன் ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்து மேலே வந்தார். வந்தவர் விஷயத்தைக் கேட்கக்கூட மூச்சில்லாமல் பூட்டின் மேலேயே சாய்ந்து இளைத்தார்.

"வணக்கம், தரணிதரன்" என்றது பூட்டு. கதவு திறந்தது.

இருவரும் கதவைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"மாப்ள, என்ற மூச்சு உனக்கு எப்படா வந்துது?" என்றார் தரணிதரன்.

மௌலீஸ்வரன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒரே தூசி, ஒரே பீடி. நெஞ்சு மட்டும் வேறயாவா இருக்கும்? கதவத் தொறந்துச்சல்ல, போயி டீயப் போடு."

மறுநாள் தரணிதரன் மூச்சுப் பதிவகத்துக்குப் போனார். ஐம்பத்தைந்து தாண்டியவர்கள் வருடா வருடம் பங்குனியில் அங்கே ஊதி, உயிரோடிருப்பதைக் காட்ட வேண்டும். ஊதியது பொருந்தவில்லை என்றால் அந்த ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று எழுதிக்கொள்வார்கள். எழுதிவிட்டால் மருந்து வராது. போனவருக்கு எதற்கு மருந்து?

பதிவாளர் இளவேனில் சின்ன வயதுப் பெண். அவர் ஊதியதைப் பார்த்துவிட்டு, "அருமையான மூச்சுங்கய்யா" என்றாள். "ஆனா உங்களது இல்லீங்க."

"மருந்து ஒழுங்கா இழுத்தனுங்க அம்மணி. குணமாயிருச்சு."

"அதுதானுங்க சிக்கல். பழைய மூச்சக் கொண்டுவந்து ஊதிட்டீங்கன்னா உடனே அடுத்த மருந்துக்கு ஒப்புதல் தந்துருவேன்."

"பழைய மூச்சுக்கு எங்கீங்க போறது?"

"மருந்த ஒரு மாசம் நிறுத்திப் பாருங்களே" என்றாள் அவள் தயங்கித் தயங்கி. "நெஞ்சு கெட்டுதுன்னா பொருந்திரும். பொருந்துச்சுன்னா மருந்து வந்துரும்."

"மருந்து வந்து, இழுத்து, குணமாச்சுன்னா?"

"அடுத்த பங்குனிக்கு மறுபடி நிறுத்தோணுமுங்க."

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் இளவேனில் தலையைக் குனிந்துகொண்டாள். சட்டம் அவள் எழுதியது அல்ல.

குழலில் மிச்சம் பன்னிரண்டு. ஆறு நாள் மருந்து. உத்திரத்துக்குப் பதினொரு நாள் இருந்தது. மருந்து நின்றால் மலை இல்லை. நிறுத்தாவிட்டால் ஆளே இல்லை.  அன்று மாலை ஆறரைக்குச் சிந்துஜா கறிவேப்பிலை வாங்கப் போன நேரம் பார்த்து, தரணிதரன் குழலை வாயில் வைக்காமல் சும்மா பத்து வரை சத்தமாக எண்ணி, சத்தமாகக் கொப்பளித்தார்.

அவள் வந்ததும் குழலைத் திருப்பிப் பார்த்தாள். "காலைலயும் பன்னண்டு. இப்பவும் பன்னண்டு?"

"ஒரு மாசம் நிறுத்துனா..."

"நிறுத்துனா?" என்றாள். "இத்தன வருசம் அந்த விசிலக் கேட்டுட்டுப் படுத்தனுங்க. விசில் நின்னுச்சுன்னா ஆளு போயிட்டாருன்னு அர்த்தம்னு, பாதித் தூக்கத்துல முழிச்சு முழிச்சுப் பார்த்தனுங்க. இப்பத்தான் சத்தமில்லாம நீங்க தூங்கறீங்க, நானும் தூங்கறேன். பதிவகத்துக்காரங்களுக்கு அந்த விசில் வேணும்னா, அவங்க வாங்கிக்கட்டும். எனக்கு வேண்டாமுங்க."

 தரணிதரன் குழலை எடுத்தார். மூச்சை வெளியே விட்டு, இழுத்தார். அவள் அழுதுகொண்டே பத்து எண்ணினாள். குழலில் எண் பதினொன்று ஆனது.

வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மௌலீஸ்வரன் தொண்டையைச் செருமினார். "நாளைக்கு நான் வந்து ஊதறேன். உன்ற பேருல."

மறுநாள் மூவரும் பதிவகம் போனார்கள். மௌலீஸ்வரன் தட்டில் வாய் வைத்து ஊதினார். நெஞ்சு கீச்கீச்சென்றது.

"வணக்கம், தரணிதரன். உயிருடன் இருப்பதற்கு நன்றி. தினமூச்சிக்கு ஒப்புதல் தரப்பட்டது" என்றது இயந்திரம்.

ஊதிய வேகத்தில் மௌலீஸ்வரனுக்கு மூச்சு நின்றுவிட்டது. உதடு நீலமாகி, நாற்காலியைத் தேடிக் கை தடுமாறியது. சிந்துஜா பதறி ஆரஞ்சுக் குழலை நீட்டினாள். தரணிதரன் அவள் கையைப் பிடித்தார்.

"அது வேண்டாஞ் சிந்து. அது தினத்துக்கு. இப்ப முட்டறதுக்கு அது ஒண்ணும் பண்ணாது. அம்மணி, நீலம்! நீலத்த எடுங்க!"

ஊதுகிற இடத்திலெல்லாம் ஒரு அவசரமூச்சிப் பெட்டி இருக்க வேண்டும் என்பது விதி. இளவேனில் ஓடிப்போய் எடுத்து வந்தாள். இரண்டு இழுப்பில் மௌலீஸ்வரனுக்கு நிறம் திரும்பியது.

"நேத்து வந்த தரணிதரன் அவரு. நீங்க யாருங்க?" என்றாள் இளவேனில் மெதுவாக.

அவர் பெயரைச் சொன்னார். அவள் தட்டினாள். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மௌலீஸ்வரன். ஒன்பது வருசத்துக்கு முன்னாலயே காலமாயிட்டீங்களேய்யா."

"ஆமாங்க" என்றார் அவர், ஏதோ பழைய விலாசத்தைச் சொன்ன மாதிரி. "அந்த வருசம் இவன் ஊதிட்டு நகந்தான். அடுத்தது நான் ஊதுனேன். 'தரணிதரன், நீங்கள் ஏற்கனவே ஊதிவிட்டீர்கள்'ன்னுது. செரி, மிஷினுக்குக் கோளாறுன்னு டீ குடிக்கப் போயிட்டேன். அடுத்த மாசம் நான் இல்லைன்னு எழுதிட்டாங்க."

"ஏன்டா சொல்லல?" என்றார் தரணிதரன்.

"சொன்னா? ஒரே மூச்சுக்கு ரெண்டு பேரு. எனக்குக் குடுக்கோணும்னா உங்கிட்ட இருந்து புடுங்கித்தான் குடுப்பாங்க. உனக்குப் பொண்டாட்டி இருக்கறா. எனக்கென்ன, ஒத்தைக் கட்டை."

தரணிதரனுக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது. மண்டியின் பின்னறையில் குடியிருந்த மௌலி மட்டும் சாவி போடும் பழைய திண்டுக்கல் பூட்டை ஏன் தொங்கவிட்டிருந்தார் என்பது. டாக்டரிடம் வர ஏன் மறுத்தார் என்பது. தினம் மாலை, "ஒரு இழுப்பு குடுடா" என்று சிரித்துக்கொண்டே ஏன் கை நீட்டினார் என்பது. ஒன்பது வருடமாகச் செத்தவனோடு டீயைப் பங்கு போட்டிருக்கிறோம், தெரியவில்லையே என்று அவருக்கு நெஞ்சு அடைத்தது. அதற்கு எந்தக் குழலும் கிடையாது.

இளவேனில் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட இப்ப ஒரு தரணிதரன் உயிரோட இருக்காரு, அது இவரு. ஒரு மௌலீஸ்வரன் காலமாயிட்டாரு, அதுவும் இவரு. நீங்க..." என்று தரணிதரனைப் பார்த்தாள். "நீங்க எதுலயும் இல்லீங்க. இதுவரைக்கும் எங்கயும் பதியாத மூச்ச நான் பதியறதுக்கு ஒரே ஒரு படிவந்தானுங்க இருக்குது."

"என்னதுங்க அது?"

"பிறப்பு."

அப்படித்தான் அறுபத்தெட்டு வயதில், பங்குனி பன்னிரண்டாம் தேதி பகல் பதினொன்றே காலுக்கு, தரணிதரன் பிறந்தார். எடை எழுபத்திரண்டு கிலோ. தாய் என்ற கட்டத்தில் யாரையாவது எழுதியே ஆக வேண்டும் என்று படிவம் அடம்பிடித்ததால் சிந்துஜா தாயானாள். தரணிதரன் என்ற பெயர் வேறொருவர் வசம் இருந்ததால், குழந்தைக்குச் சென்னியப்பன் என்று அவளே பெயர் வைத்தாள். 'பிறவியிலேயே நுரையீரல் நோய்' என்ற கட்டத்தை இளவேனில் ஒரு தட்டுத் தட்டியதும் தினமூச்சிக்கும் வழி பிறந்தது. எல்லாவற்றையும்விட வசதி, ஐந்து வயதுவரை மாதா மாதம் மூச்சைப் புதுப்பித்துக்கொள்ளலாம். குழந்தையின் மூச்சு மாறும் என்பது சட்டத்துக்குத் தெரியும். கிழவனின் மூச்சும் தேறலாம் என்பதுதான் தெரியாது.

தரணிதரன் பெயரில் வந்த குழல் மௌலீஸ்வரனுக்கு. டாக்டர் ஹர்ஷிதா அவரைத் தனியாகப் பரிசோதித்து, அதே மருந்துதான் அவருக்கும் என்று உறுதி சொன்னார். முதல்முறையாக ஒருவருக்கு ஒரு குழல். "ஒழுங்கா இழுத்தன்னா மூணு மாசத்துல நீயும் பொறந்துருவ மாப்ள" என்றார் தரணிதரன். அடுத்த வாரமே அங்கன்வாடியிலிருந்து ஒரு பெண் சத்துமாவும் சொட்டு மருந்தும் எடுத்துக்கொண்டு வந்து, "கொழந்த எங்கீங்க?" என்று கேட்டாள். "சவரம் பண்ணிட்டிருக்குது" என்றாள் சிந்துஜா.

சேதி பரவாமல் இருக்குமா? மஞ்சள் மண்டியிலும் அரிசி ஆலையிலும் நெஞ்சு கெட்டு, மருந்தால் தேறி, கதவுக்கு வெளியே நின்றவர்கள் ஈரோடு முழுக்க இருந்தார்கள். உத்திரத்துக்குள் இளவேனில் நூற்றுப் பதினாறு கிழக் குழந்தைகளைப் பதிவு செய்துவிட்டாள்.

உத்திரத்தன்று தரணிதரன் சென்னிமலைப் படி ஏறினார். முந்நூறில் ஒரு முறை, எழுநூறில் ஒரு முறை உட்கார்ந்தார். மௌலீஸ்வரன் அடிவாரத்து டீக்கடையிலேயே நின்றுவிட்டார். குழல் கைக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது, அடுத்த உத்திரத்துக்குப் பார்க்கலாம் என்றார். கடைசிப் படியில் கால் வைத்ததும் சிந்துஜா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. "மேல காத்து நல்லா இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"நெம்ப நல்லா இருக்குது" என்றார் அவர்.

மாலை ஆறரை. அவள் முந்தானையிலிருந்து குழலை எடுத்தாள். அருகே ஒரு பெரியவர், வண்டியில் மேலே வந்தவர், விசிலடித்தபடி தன் ஆரஞ்சுக் குழலைப் பையிலிருந்து எடுத்தார். அந்த நேரம் பார்த்து இரண்டு குழல்களும் ஒரே குரலில் பேசின.

"புதிய எச்சரிக்கை. இம்மருந்தை ஒரு நாளும் தவறாமல், முறைப்படி பயன்படுத்துவோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மூன்றே மாதங்களில் காலமாகிவிடுவதாகப் பதிவேடுகள் காட்டுகின்றன. முறையின்றிப் பயன்படுத்துவோர் நீண்டகாலம் வாழ்கின்றனர். கவனம்."

தலைநகரத்தில் யாரோ இரண்டு பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். குழல்களில் எண் ஒழுங்காகக் குறைந்தவர்கள் எல்லோரும் பதிவகத்தில் இல்லாமல் போயிருந்தார்கள். குழலைத் தொடாதவர்கள் எல்லோரும் பத்திரமாக இருந்தார்கள். கணக்கில் ஒரு பிழையும் கிடையாது. அதே பட்டியலில் ஈரோட்டில் பிறப்பு விகிதம் உயர்ந்ததற்கு ஒரு பாராட்டும் இருந்ததாம்.

பெரியவர் குழலை அவசர அவசரமாகப் பைக்குள் திணித்தார். "ஆத்தாடி! நல்லவேளை, இன்னைக்கு இழுக்கல" என்றார். அதைச் சொல்வதற்குள் மூன்று முறை இருமினார்.

தரணிதரன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"பயப்படாதீங்க. அது சொல்றது நெசந்தானுங்க. நானும் ஒழுங்கா இழுத்து மூணு மாசத்துல போயிட்டேன். நாப்பத்தொரு வருசமா கீழயே உக்காந்திருந்தவன், போனதுக்கப்பறந்தானுங்க இந்தப் படியே ஏறுனேன்."

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். படியை எட்டிப் பார்த்தார். பிறகு கை மெல்லப் பைக்குள் போய்க் குழலை வெளியே எடுத்தது. எடுத்த வேகத்தில் வாயில் வைத்து ஊதப் போனார்.

"ஊதாதீங்க, இழுக்கோணும்" என்றாள் சிந்துஜா, தண்ணீர்ச் சொம்பை இருவருக்கும் நடுவில் வைத்தபடி. "ரெண்டு பேரும் மொதல்ல மூச்ச வெளியே உடுங்க. ம்... இப்ப இழுங்க. ஒண்ணு... ரெண்டு..."